உங்களுக்குத் தெரியுமா? விளிம்பில் வெடிக்கும் தோட்டாவும் பழைய லீவர் ரைஃபிள்களும்

தோட்டாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு சிறு மூடி பதிந்திருந்தால் அது சென்டர்ஃபயர். அப்படி மூடி இல்லாமல் இருந்தால் ரிம்ஃபயர். ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து, கூட்டின் மடிந்த விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெலிதாக இருந்தாக வேண்டும். மெலிதாக இருப்பதால் அதிக அழுத்தம் தாங்காது. பழைய லீவர் ரைஃபிள்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த மெல்லிய விளிம்பைத்தான். அந்தத் துப்பாக்கிகளின் பிறப்பு, பலவீனம், இன்றைய விலை என்று எல்லாவற்றுக்கும் பின்னால் அது இருக்கிறது.

•

ரிம்ஃபயரின் முன்னோடி பிரான்ஸில் பிறந்தது. 1845இல் லூயி நிக்கோலா ஃப்ளோபேர், வெடிமருந்தே இல்லாமல், பற்றவைக்கும் மருந்தின் விசையால் மட்டும் பறக்கும் சிறு குண்டை உருவாக்கினார். அதை வீட்டுக் கூடத்துக்குள்ளேயே குறிபார்த்துச் சுட்டு விளையாடினார்கள்.

•

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் ஒரு கைத்துப்பாக்கிக்காகக் கொண்டுவந்த .22 ஷார்ட் தோட்டா இன்றைக்கும் தயாராகிறது. நாம் அதிகம் கேள்விப்படும் .22 லாங் ரைஃபிள் அதற்கு முப்பது ஆண்டு இளையது. அது ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் படைப்பு, 1887.

•

விசைக்குக் கீழே வளையமாக ஒரு பிடி, அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் காலிக் கூடு வெளியே தெறிக்கும், மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். சுத்தியும் தானாகவே பின்னுக்குப் போய்ச் சுடத் தயாராக நிற்கும். இந்த ஏற்பாட்டை நம்பகமாக வேலை செய்ய வைத்தவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. காப்புரிமை பெற்றது 1860 அக்டோபர் 16. அவருக்குச் சம்பளம் கொடுத்த ஆலிவர் வின்செஸ்டர், அதற்கு முன் சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர்.

ஹென்றி ரைஃபிளில் 16 தோட்டாக்கள் போடலாம். குழலின் வாய்ப்பக்கம் வழியாக ஒரு தோட்டாவைத் திணித்துக் கெட்டித்துக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய தாவல்! ஆனால் தோட்டாக் குழாயின் அடியில் நீளமாக ஒரு பிளவு திறந்தே கிடந்தது. தோட்டாக்களைத் தள்ளும் சிறு நாக்கு அந்தப் பிளவில் நகர்ந்து வரும். பிடித்திருக்கும் கை அதன் வழியில் நின்றால் தோட்டா நகராது. மண்ணும் சேறும் உள்ளே போகும். மொத்தம் சுமார் 14,000தான் செய்தார்கள். பெரும்பாலானவற்றின் உடற்பகுதி மஞ்சள் உலோகம். ஆரம்பத்தில் சில நூறு துப்பாக்கிகள் மட்டும் இரும்பில் வந்தன. இரும்பு ஹென்றி ஒன்று ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

•

ஆபிரகாம் லிங்கனுக்குப் பரிசளிக்கப்பட்ட, பொன் வேலைப்பாடு கொண்ட ஹென்றி ரைஃபிளின் வரிசை எண் 6. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் அது பத்திரமாக இருக்கிறது.

•

பழைய வின்செஸ்டர் ரிம்ஃபயர் தோட்டாக்களின் அடியில் ‘ஹெச்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது ஹென்றிக்கான மரியாதை.

•

மெல்லிய விளிம்புக்குள் மருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தில் அடித்து வெடிக்காமல் போனால்? அதனால் ஹென்றியிலும், அதற்குப் பின் வந்த வின்செஸ்டர் 1866இலும் ஊசிக்கு இரண்டு முனைகள். விளிம்பின் இரு எதிர்ப்பக்கங்களிலும் ஒரே நேரத்தில் அடிக்கும்.

இந்த இரட்டைத் தடம் நூறு ஆண்டு கழித்து வரலாற்று ஆய்வுக்குக் கைகொடுத்தது. 1876 ஜூனில் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் வீரர்கள் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் குதிரைப்படையை முறியடித்தார்கள். 1983இல் ஒரு தீ அந்தப் போர்க்களத்தின் புல்லை எரித்து நிலத்தை வெளிக்காட்டியது. அடுத்த ஆண்டே தொல்லியலாளர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளோடு இறங்கினார்கள். கிடைத்த காலிக் கூடுகளில் ஹென்றி, 1866 ரகங்களின் தோட்டாக்கள் கணிசமாக இருந்தன. ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் விடும் தடம் தனி. அந்தத் தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக்கூட வரைபடத்தில் குறித்தார்கள். கஸ்டரின் படைவீரர்கள் கையில் இருந்ததோ ஒவ்வொரு முறையும் ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்.

•

ஹென்றியின் திறந்த பிளவை மூடியவர் நெல்சன் கிங். உடற்பகுதியின் வலப்பக்கத்தில் ஒரு சிறு கதவு வைத்து, அதன் வழியாகத் தோட்டாவைத் தள்ளச் செய்தார். தோட்டாக் குழாய் மூடப்பட்டதால் முன்பக்கம் கையால் பிடிக்க மரக்கட்டையும் வைக்க முடிந்தது. அதுதான் வின்செஸ்டர் 1866. அதன் மஞ்சள் உடலைப் பார்த்து வந்த செல்லப்பெயர் ‘எல்லோ பாய்’. சுமார் 1,70,000 தயாரானது.

இவற்றில் ஐம்பதாயிரத்தை வாங்கியது ஒட்டோமான் துருக்கி. 1877இல், இன்றைய பல்கேரியாவில் உள்ள பிளெவ்னா நகரை முற்றுகையிட்ட ரஷ்யப் படைமீது இந்த ரைஃபிள்கள் பொழிந்த சரமாரியை ஐரோப்பியத் தளபதிகள் வெகுநாள் பேசினார்கள்.

•

ஹென்றியும் 1866உம் சுட்ட .44 ஹென்றி தோட்டாவின் தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சென்டர்ஃபயர் கூட்டில் மூடியை மாற்றி, மருந்து நிரப்பி மறுபடி பயன்படுத்தலாம். ரிம்ஃபயர் கூடு ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். ஆகவே இந்தத் துப்பாக்கிகளை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சுடுவதில்லை. அன்றைய பழைய தோட்டாவுக்கே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

•

கிறிஸ்டோபர் ஸ்பென்சரின் ரைஃபிளும் 1860இல் காப்புரிமை பெற்ற ரிம்ஃபயர்தான். ஏழு தோட்டாக்கள், அதுவும் தோளில் வைக்கும் கட்டைக்குள் ஒரு குழாயில். ஆனால் லீவர் தோட்டாவை மட்டுமே மாற்றும். சுத்தியைக் கட்டைவிரலால் தனியாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். 1863 ஆகஸ்டில் லிங்கனே இதைச் சுட்டுப் பார்த்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் சந்தையில் உபரித் துப்பாக்கிகள் குவிந்தன. ஸ்பென்சர் நிறுவனம் படுத்து, அதன் சொத்துகள் கடைசியில் வின்செஸ்டரிடம் போய்ச் சேர்ந்தன.

•

வின்செஸ்டர் 1873 என்றதும் எல்லோருக்கும் கௌபாய் படங்கள் நினைவுக்கு வரும். அதே ரைஃபிள் 1884 முதல் 1904 வரை .22 ரிம்ஃபயரிலும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பெருமளவில் தயாரான முதல் .22 தொடர் ரைஃபிள் இதுதான். மொத்த 1873கள் ஏழு லட்சத்துக்கும் மேல். அவற்றில் .22 சுமார் 19,500 மட்டும்.

அடையாளம் காண்பது எளிது. வலப்பக்கத்தில் தோட்டா தள்ளும் கதவு இருக்காது, தகடு வெறுமையாக இருக்கும். குழலுக்கு அடியில் உள்ள குழாய் வழியாகவே தோட்டா போட வேண்டும். பெரிய தோட்டாவுக்குச் செய்த அதே உடல், குழலில் துளை மட்டும் சிறியது. அதனால் பெரியண்ணனைவிட இதன் எடை அதிகம்! அணில் சுடப் போகும் பையன் இதைத் தூக்கித் திரிய விரும்புவானா? போதாததற்கு .22 ஷார்ட், .22 லாங் இரண்டுக்குத்தான் வழக்கமாகத் தயாரித்தார்கள். 1887இல் வந்து பிரபலமான லாங் ரைஃபிள் தோட்டா இதில் சேராது. அன்று விற்காததற்கு இவையெல்லாம் காரணம். அன்று விற்காததே இன்று இதன் மதிப்புக்குக் காரணம்.

•

.22 ரக 1873க்குப் போட்டியும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1890 பம்ப் ரைஃபிள் விலை மலிவு, எடை குறைவு. திருவிழாச் சந்தைகளின் சுடும் கடைகளை எல்லாம் அதுவே பிடித்துக்கொண்டது. அந்த நாளைய .22 லீவர் ரைஃபிள்கள் எண்ணிக்கையில் பின்தங்கியது இதனால்தான்.

•

வின்செஸ்டர் விட்ட இடத்தை மார்லின் பிடித்தது. லூயிஸ் ஹெப்பர்னின் வடிவமைப்பில் 1891இல் வந்த மார்லின் .22, அந்த நிறுவனத்தின் .22 லீவர் ரைஃபிள்களின் குலமுதல்வன். புகழ்பெற்ற குறிகாரி ஆனி ஓக்லி 1893இல் மார்லின் ஒன்றைக் கையிலெடுத்து, 36 அடி தொலைவில் வைத்த இதய ஆஸ் சீட்டின் நடுவில் 27 நொடியில் 25 தோட்டாக்களைச் செலுத்தினார். தொடக்ககால 1891கள் வலப்பக்கக் கதவு வழியாகத் தோட்டா ஏற்றுபவை. பிறகு குழாய் முறைக்கு மாறினார்கள். அந்தப் பக்கக் கதவுள்ள சில ஆயிரத்தைத்தான் தேடி அலைகிறார்கள்.

1897 மாடலில் பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால் துப்பாக்கி இரண்டு துண்டாகப் பிரியும். அதன் வாரிசு 1922ஐ ஒட்டி வந்த மாடல் 39, பின் 1939இல் 39ஏ. ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் எந்த மாற்றமும் இல்லாமல் விழுங்கும். என் கணிப்பில், புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. உதிரிபாகம் கிடைக்கும், எண்கள் பேசும், தோட்டா இன்னும் கடையில் இருக்கிறது.

•

எங்கே தேடுவது? ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நடக்கும் பெரிய துப்பாக்கிக் கண்காட்சி, ராக் ஐலண்ட் போன்ற ஏல நிறுவனங்கள், இவை எல்லோருக்கும் தெரிந்த வழி. கிராமத்துப் பண்ணை ஏலங்களும் அடகுக்கடை மூலைகளும் பொறுமைசாலிகளின் வழி. தாத்தா வேலிக்கருகே முயல் சுட்ட .22ஐப் பேரன் விற்க வரும் இடங்கள் அவை.

தேடாமலே கிடைத்ததும் உண்டு. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்துவைத்தபடியே ஒரு வின்செஸ்டர் 1873 நின்றிருந்தது. கட்டையின் அடி மண்ணில் புதைந்து, மரம் வெடித்து வெளுத்திருந்தது. தயாரான ஆண்டு 1882. அது ரிம்ஃபயர் அல்ல, .44-40 ரகம். ஆனாலும் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அன்று அந்தச் செய்தியைத்தான் பேசினார்கள்.

•

பழைய ரைஃபிளுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய கெடுதல், அதைப் புதிதாக்குவது. நீலமுலாம் தேய்ந்து பழுப்பேறிய உலோகத்தைப் பளபளப்பாக்கினால் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வியாபாரி சொல்வதை நம்ப வேண்டியதில்லை, துப்பாக்கியே சொல்லும். முதலில் திருகுத் தலைகளைப் பாருங்கள். பிளவு சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத கருவியால் பிரித்திருக்கிறார்கள். குழலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? மழுங்கியிருந்தால் சாணை பிடித்து மறுமுலாம் பூசியிருக்கிறார்கள். கட்டை உலோகத்தைச் சந்திக்கும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். தொழிற்சாலையில் மரத்தை ஒரு மயிரிழை உயர்த்தியே விடுவார்கள். மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது உறுதி. தொலைநோக்கி மாட்டப் பிற்காலத்தில் போட்ட துளைகளும் மதிப்பைக் குறைக்கும். அந்தக் காலத்திலேயே பொருத்திய லைமன், மார்பிள் நிறுவனங்களின் உயரக் குறிகாட்டி இருந்தால் கூடும்.

•

வெளியே அழகாக இருக்கும் எத்தனையோ .22களின் குழல் உள்ளே குழிகுழியாக அரித்திருக்கும். இதற்கும் விளிம்புதான் காரணம். சின்னத் தோட்டாவில் வெடிமருந்து கொஞ்சம், பற்றவைக்கும் மருந்தின் பங்கு அதிகம். பழைய பற்றுமருந்து எரிந்ததும் உப்பு படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். கருமருந்துக் காலத்தில் கரியோடு கலந்திருந்த உப்பு, புகையில்லா மருந்து வந்தபின் நேரடியாக இரும்பில் உட்கார்ந்தது. துருப் பிடிக்கவைக்காத பற்றுமருந்து 1920களின் பிற்பகுதியில்தான் பரவியது. ஆகவே அதற்கு முந்தைய ரைஃபிளில் கண்ணாடிபோல் மின்னும் குழல் இருந்தால், அதை வைத்திருந்தவர் ஒவ்வொரு முறையும் அன்றைக்கே சுத்தம் செய்தவர்.

•

தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பார்க்காதீர்கள். நசுங்குவதற்கு விளிம்பு இல்லாதபோது, ஊசி குழலின் பின்வாயையே கொத்தி மேடாக்கும். பிறகு தோட்டா சிக்கும்.

•

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் தயாரானது ‘பழம்பொருள்’. .22 ரக வின்செஸ்டர் 1873, மார்லின் 1897 இரண்டின் தயாரிப்பும் இந்தக் கோட்டின் இருபக்கமும் ஓடியது. ஒரே மாடலில் ஒன்று பழம்பொருள், இன்னொன்று துப்பாக்கி! மாநிலச் சட்டங்கள் வேறு மாதிரி இருக்கலாம். ஐம்பது ஆண்டு கடந்தவற்றைச் சேர்ப்பவர்களுக்கென்று தனி உரிமமும் உண்டு.

•

வரிசை எண்ணே இல்லாத பழைய .22ஐப் பார்த்து மிரள வேண்டாம். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்துக்கு முன் எண் கட்டாயமாக இருக்கவில்லை, மலிவு ரைஃபிள்கள் பல எண்ணின்றியே வந்தன. இருந்த எண்ணைச் சுரண்டியிருந்தால் மட்டும் தொடாமல் நகர்ந்துவிடுங்கள்.

எண் தெளிவாக இருந்தால், வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். பழைய வின்செஸ்டர், மார்லின் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. எல்லா எண்களுக்கும் ஏடு இல்லை. இருந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தத் துப்பாக்கி எப்படிப் புறப்பட்டது என்று கடிதம் தருவார்கள்.

•

1970களின் நடுவிலிருந்து வந்த மார்லினுக்குக் கடிதமே வேண்டாம். எண்ணின் முதல் இரு இலக்கத்தை 100இலிருந்து கழியுங்கள். 24 என்று தொடங்கினால் 1976.

•

பிரவுனிங் பிஎல்-22 (1969 முதல், ஜப்பானின் மிரோகு தயாரிப்பு) லீவரை 33 பாகை அசைத்தாலே போதும். வின்செஸ்டர் 9422 ரகம் 1972இல் தொடங்கி 2005இல் நின்றது. நின்ற பிறகு அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. 1996இல் புரூக்ளினில் தொடங்கிய ஹென்றி நிறுவனம் நல்ல .22கள் செய்கிறது. ஆனால் 1860ஆம் ஆண்டு ஹென்றிக்கும் அதற்கும் பெயர் மட்டுமே உறவு.

•

1930களின் தொடக்கத்தில் அதிவேக .22 தோட்டாக்கள் சந்தைக்கு வந்தபோது, பழைய மார்லின் 39களின் போல்ட் சில உடைந்தன. நிறுவனம் அதை உறுதியாக்கி, வரிசை எண்ணுக்கு முன் ‘ஹெச்எஸ்’ என்று பொறித்தது. அந்த எழுத்து இல்லாத 39 உங்கள் கைக்கு வந்தால், இன்றைய பெட்டியில் ‘ஸ்டாண்டர்டு வெலாசிட்டி’ என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள்.