இரும்பு மோதிரம் உணர்த்தும் பொறுப்பு



"எதிர்காலத்தில் யாராக வர விரும்புகிறீர்?" என நாம் வகுப்பில் வினவினால், "பொறியியலாளர்" எனப் பலர் விடை பகர்வர். "அவர் ஆற்றும் பணி யாது?" என மீண்டும் வினவினால் மௌனமே விடையாகும். ஆகவே, கட்டமைப்புப் பொறியியல் குறித்து இங்கு சிறிது நோக்குவோம்.

கட்டடத்தின் தோற்றத்தை வரைபவர் கட்டடக் கலைஞர். அது விழாது நிற்க வழி காண்பவர் கட்டமைப்புப் பொறியியலாளர். கட்டடத்தின் சொந்த நிறை, மக்களின் பாரம், காற்றின் விசை, கூரையிற் குவியும் பனியின் நிறை ஆகிய யாவும் தூண்கள் வழியே அத்திவாரத்தை அடைந்து, நிலத்திற் சேருமாறு அவர் கணிப்பார். 1976இல் திறக்கப்பட்ட, 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரம் இதற்குக் கண்கண்ட சான்று. நிலத்தின் பலமும் ஆய்வுக்குரியதே. மண்ணின் பலம் பற்றிக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, பேராதனையிற் கற்பித்து, பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய பேராசிரியர் அ. துரைராசா நம்மவரே.

கணிப்பிற் பிழை நேரின் யாதாகும்? கியூபெக் நகருக்கு அருகே கட்டப்பட்டுவந்த பாலம் 1907 ஓகஸ்ட் 29இல் இடிந்து வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். பாலத்தின் நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியபோது, அதன் நிறையை மீளக் கணிக்காது விட்டமையே பெருங்குறை. உருக்குப் பாகங்கள் வளைந்தமை தெரிந்தும் வேலை உரிய வேளையில் நிறுத்தப்படவில்லை.

1925 முதல் கனடாவிற் பொறியியல் கற்றுத் தேறுவோர் உறுதிமொழி ஏற்று, எழுதும் கையின் சிறுவிரலில் மோதிரம் அணியும் வழக்கம் உண்டு. அது வீழ்ந்த பாலத்தின் இரும்பில் ஆனதென்பது கட்டுக்கதையே. ஆயினும் வரைபடத்தில் கை படுந்தோறும், பிறர் உயிர் தம் கணிப்பில் தங்கியிருப்பதை அது நினைவூட்டும்.

ஒன்ராறியோவில் இத்துறையை நாடுவோர் 12ஆம் வகுப்பிற் கணிதம், நுண்கணிதம், பௌதிகம், இரசாயனம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்றல் வேண்டும். பின்னர் ரொறன்ரோ, வாட்டர்லூ முதலிய பல்கலைக்கழகங்களிற் குடிசார் பொறியியற் பட்டம் பெறலாம். அதன்மேல் 48 மாதத் தொழில் அனுபவமும், சட்டமும் தொழில் ஒழுக்கமும் பற்றிய தேர்வும் நிறைவேறினாலே உரிமம் கிட்டும்.

தாயகத்திற் பொறியியலாளராய் இருந்து, இங்கு தொழிற்சாலைகளில் உழைக்கும் பெற்றோரும் நம்மிடையே உளர். உரிமத்துக்குக் கனடிய அனுபவம் வேண்டுமென்ற நிபந்தனை ஒன்ராறியோவில் 2023இல் நீக்கப்பட்டது. அவர்களும் மீண்டும் முயலலாம்.

நாம் கற்பித்த பாடசாலையின் கூரை போரிற் சரிந்ததைக் கண்டவர் நாம். தலைக்குமேல் ஒரு கூரை உறுதியாய் நிற்பதன் அருமை எமக்குத் தெரியும். மாணவர்களே, அத்தகைய கூரைகளை எழுப்புவோராய் நீவிர் வளர்க!