புதிய கார், பழைய விலை

நகை விற்கச் சென்றவர் எல்லோரும் ஒரு பாடம் கற்றுத் திரும்புவர். தங்கத்திற்கு விலை உண்டு. செய்கூலிக்கும் சேதாரத்திற்கும் விலை இல்லை. காரை விற்பதும் ஏறக்குறைய அதே கதைதான். வாங்கும்போது நாம் கொடுத்த பணத்தில் எவ்வளவு காருக்குச் சென்றது, எவ்வளவு பிறவற்றிற்குச் சென்றது என்பதை அறியாதவர்க்கு விற்கும் நாளில் ஏக்கமே மிஞ்சும். படிப்பை முடித்து வேலைக்குச் சென்றதும் நம்மிற் பலர் முதலில் வாங்க எண்ணும் பெரும்பொருள் கார். ஆதலால் இதனை இப்போதே அறிந்துகொள்வது நன்று.

இங்கு நான் எடுத்துக்கொள்வது எல்லாக் கார்களையும் அன்று. பின்பக்கம் தனிப்பெட்டி நீளாமல், மேல்நோக்கித் திறக்கும் கதவோடு முடிகின்ற சிறு காரை ஹேட்ச்பேக் என்பர். அவ்வுருவத்திலேயே ஆற்றல் மிகுந்த இயந்திரத்தையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் அமைத்தால் அது வேகக் கார் ஆகிறது. 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ், 2021இல் வந்த ஐ20 என் லைன், 2024இல் வந்த ஆல்ட்ரோஸ் ரேசர் ஆகியவை நம் நாட்டில் இவ்வகையைச் சேர்ந்தவை.

நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் பொறியாளராக இருந்த என் தமையனார் 2025 மார்ச்சில் இத்தகைய கார் ஒன்றை வாங்கினார். ஒன்பது மாதங்களில் வெளிநாட்டு வேலை கிடைத்தது. காரை விற்றாக வேண்டிய நிலை. வங்கிக் கடனில் 8,40,000 ரூபாய் பாக்கி இருந்தது. மைசூரில் ஒரு பழைய கார் வியாபாரி கேட்ட விலையோ 7,90,000. மீதி 50,000 ரூபாயைத் தந்தையாரின் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. வண்டி 7,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பிறகு ஏன் இவ்வளவு வீழ்ச்சி? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

விலை வீழ்வதற்குக் காரணங்கள் மூன்று: வரி, காலம், ஐயம்.

முதலாவது வரி. கணக்கு எளிதாக இருக்கக் காட்சியறை விலை 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். கர்நாடகத்தில் 5 லட்சத்திற்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி நூற்றுக்கு 14; அவ்வரியின்மேல் நூற்றுக்கு 11 உபவரி. இரண்டும் சேர்ந்து 1,55,400 ரூபாய். காப்பீட்டையும் கூட்டினால் கார் வாசலில் வந்து நிற்கும்போது ஏறத்தாழ 12 லட்சம் ஆகிவிடும். காட்சியறை விலைக்கு மேல் கட்டிய அந்த இரண்டு லட்சமே இங்குச் செய்கூலி. வாங்க வருபவர் அதைக் கண்ணாற் பார்ப்பதில்லை. அதற்கு முழு மதிப்பும் தருவதில்லை.

வரி வேறொரு வகையிலும் தாக்குகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சிறு கார்களுக்கான ஜிஎஸ்டி குறைந்தது. நான்கு மீட்டர் நீளத்திற்கும் 1,200 சி.சி. அளவிற்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு அதுவரை வரியும் இழப்பீட்டு உபவரியும் சேர்ந்து நூற்றுக்கு 29 இருந்தன. அன்று முதல் 18 ஆயிற்று. குறைப்பு முழுவதையும் வாங்குவோருக்கு அளித்தால், 10 லட்ச ரூபாய்க் கார் சுமார் 9,15,000 ஆகிறது. புதிய காரே 85,000 ரூபாய் குறைந்து கிடைக்கும்போது, மார்ச்சில் வாங்கிய காருக்குப் பழைய கணக்கில் விலை கேட்பது எப்படி? வண்டி ஓர் அங்குலமும் நகராமல் நின்றிருந்தாலும் இந்த இழப்பு நேர்ந்தே இருக்கும்.

வரிதான் என்பதில்லை, நிறுவனமே விலையைக் குறைப்பதும் உண்டு. 2019 செப்டம்பரில் பலேனோ ஆர்எஸ் காரின் விலை ஒரே அறிவிப்பில் ஒரு லட்சம் ரூபாய் குறைந்தது. 2016 இறுதியில் 25 லட்ச ரூபாய்க்கு மேல் விலையிட்டு வந்த போலோ ஜிடிஐ, அடுத்த ஆண்டே 20 லட்சத்திற்குச் சற்றுக் கீழே இறங்கிற்று. பழைய பொருளின் விலை நாம் கொடுத்த விலையைப் பார்ப்பதில்லை. இன்று புதிய பொருள் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதையே பார்க்கிறது. புதிய கார் கிடைக்காத காலத்தில் இதே விதி தலைகீழாக வேலை செய்தது. ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்களில், ஓடிய வண்டிக்குப் புதிய வண்டியைவிட அதிக விலை கொடுத்தவர்களும் இருந்தனர்.

இரண்டாவது காலம். காப்பீட்டு உலகில் இதற்கு நெடுநாளைய அட்டவணை ஒன்று உண்டு. ஆறு மாதத்திற்குள் நூற்றுக்கு 5, ஓராண்டுக்குள் 15, ஈராண்டுக்குள் 20, மூவாண்டுக்குள் 30 என்று தேய்மானம் கழிப்பர். சந்தை இதை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும் பேரம் தொடங்கும் இடமாக இது பயன்படும்.

மூன்றாவது ஐயம். இதுவே நம் பொருளின் உயிர்நாடி. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் நோபெல் பரிசை அவர் வேறிருவரோடு பகிர்ந்துகொண்டதற்கு அடிப்படையான ஆய்வு அது. அவர் கண்டது எளிய உண்மைதான். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் குறையுள்ள காராகவே எண்ணி விலை கேட்கிறான். அதனால் நல்ல கார் வைத்திருப்பவன் நட்டப்படுகிறான்.

அதிலும் ஒன்பது மாதக் கார் என்றால், “நல்ல வண்டியை இவ்வளவு விரைவில் யார் விற்பார்?” என்ற கேள்வி எழும். வேகக் கார் என்றால், “எப்படி ஓட்டினாரோ!” என்ற கேள்வியும் சேரும். மேலும் இக்கார்களை விரும்புவோர் சிலரே. குடும்பத்திற்குக் கார் தேடுபவர் இறுக்கமான சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் பணம் தரமாட்டார். ஆதலால் வியாபாரி இதனைச் சாதாரண ஹேட்ச்பேக்காகவே மதிப்பிட்டு, நெடுநாள் விற்காமல் கிடக்கும் அபாயத்தையும் கழித்துக்கொள்கிறார். இது அவர் கொடுமை அன்று. அவர் தொழிலின் கணக்கு.

வரியையும் காலத்தையும் நாம் மாற்ற முடியாது. ஐயத்தை மட்டும் நீக்க முடியும். விற்பவன் கையிலுள்ள ஒரே கருவி சான்று. தமையனார் செய்ததும் அதுவே. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையின் சர்வீஸ் பதிவுகளை வரிசையாக அடுக்கினார். காப்பீட்டில் இழப்பீடு எதுவும் கோரவில்லை என்பதற்குச் சான்று பெற்றார். வாங்க வருபவர் தம் மெக்கானிக்கை அழைத்துவந்து, இயந்திரத்தின் கணினிப் பதிவையும் டயரின் தேய்வையும் பார்க்கலாம் என்று முன்னதாகவே சொன்னார். இயந்திரத்தின் மென்பொருளை மாற்றாமலும் சைலென்சரைக் கழற்றாமலும் வைத்திருந்தது பேருதவியாயிற்று. மாற்றம் செய்த வேகக் காரில் உத்தரவாதம் மறுக்கப்படலாம். வாங்குபவருக்கோ அஃது அச்சம் தரும்.

வாங்குவோரை எங்கே தேடுவது? நஞ்சன்கூடு சிற்றூர். கபிலையாற்றங்கரைக் கோயிலுக்கும் ரசபாளை வாழைக்கும் புகழ்பெற்ற ஊரில் வேகக் காருக்கு வாடிக்கையாளர் சிலரே. குண்டலுப்பேட்டை, கூடலூர் வழியாகக் கோயம்புத்தூர் சென்றால் கார்ப் பந்தயம் அறிந்த ஊர். மதிப்புத் தெரிந்தவர் பலர். ஆனால் மாநிலம் தாண்டினால் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரியை மீண்டும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் எஞ்சிய வரியைத் திரும்பக் கேட்க வழி உண்டெனினும், அந்தச் சுமை முதலில் வாங்குபவர் தலையில் விழுகிறது. அவர் அதனை விலையில் கழிப்பார். ஆகவே மைசூரிலும் பெங்களூரிலும் தேடுவதே தக்கது எனத் துணிந்தோம். ஆறு வாரம் ஆயிற்று. அதே வகைக் காரை நெடுநாள் விரும்பியிருந்த பெங்களூர் இளைஞர் ஒருவர் 8,75,000 ரூபாய்க்கு வாங்கினார். கடன் தீர்ந்தது, தந்தையாரின் சேமிப்பைத் தொட வேண்டியதில்லை. வியாபாரி கேட்டதற்கும் இதற்கும் இடையிலுள்ள 85,000 ரூபாய், ஐயத்தை நீக்கியதற்கும் ஆறு வாரப் பொறுமைக்கும் கிடைத்த கூலி எனலாம்.

விற்கும்போது மறவாமல் செய்யவேண்டியவை சில உள. பணம் வந்ததும் வங்கியிடம் கடன் தீர்ந்த சான்று பெற்று, 35ஆம் படிவத்தால் அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள்; மாநிலம் மாறினால் 28ஆம் படிவமும் வேண்டும். மாநிலத்திற்குள் விற்றால் 14 நாட்களிலும், வெளியே விற்றால் 45 நாட்களிலும் விற்றவர் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். நிலுவை அபராதங்களைக் கட்டிவிடுக; ஃபாஸ்டாக்கை முடித்துவிடுக. இழப்பீடு கோராமைக்குரிய காப்பீட்டுச் சலுகை வண்டியோடு போவதன்று. அது விற்பவருக்கே உரியது. அதனைக் கேட்டுப் பெறுக.

எல்லாவற்றினும் முதன்மையானது பெயர் மாற்றம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பணம் பெற்ற பின்னும், பெயர் மாறாதவரை, அது செய்யும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு பழைய உரிமையாளரையே சாரும். சாவியைக் கொடுத்த நாளில் விற்பனை முடிவதில்லை. பதிவில் புதியவர் பெயர் ஏறிய நாளில்தான் முடிகிறது.