மூச்சு வாங்கும் மாலை

லிஸ்பனில் எடுத்த வீடியோ ஒன்றை என் அக்கா மகன் காட்டினான். அந்தி நேரம். குன்றுகளின் மேல் அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கும் பழைய நகரம். எட்டுப் பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு செக்வேயில் வரிசையாக மேலே போகிறார்கள். முன்னால் வழிகாட்டி. உடம்பை லேசாக முன்னே சாய்த்தால் இரண்டு சக்கரமும் நகர்கின்றன, பின்னே சாய்த்தால் நிற்கின்றன. கல் பாவிய செங்குத்துத் தெருவில் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

“ஊட்டியில இப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் மாமா!” என்றான்.

அந்த வண்டிமீது எனக்கும் ஒரு மயக்கம் உண்டு. 2001-ல் அமெரிக்காவில் டீன் கேமன் அதை அறிமுகப்படுத்தியபோது, இனி நகரங்களையே இதற்கேற்ப மாற்றிக் கட்டுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி நடக்கவில்லை. 2020-ல் அதன் தயாரிப்பே நின்றது. சுற்றுலா நகரங்களில் மட்டும் அது தங்கிவிட்டது. பிராக் நகரமோ, நடந்து போகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று 2016-ல் பழைய ஊர்ப் பகுதியிலிருந்து அதை வெளியேற்றியது.

டிசம்பர் கடைசியில் அவன் விடுமுறைக்கு வந்தான். ஊட்டிக்கு அழைத்துப்போனேன். மாலை நேரத்தில் ஊரைச் சுற்றிக் காட்டும் ஒருவரைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பகலில் ஆட்டோ ஓட்டுகிறார். கேட்கிறவர்களுக்கு மட்டும், அதுவும் நடந்து வர ஒப்புக்கொண்டால் மட்டும், மாலையில் இரண்டரை மணி நேரம். ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர். ஸ்வெட்டர், மஃப்ளர், கம்பளிக் குல்லா. ஆட்டோக்காரர் ஏன் நடக்கச் சொல்கிறார் என்று கேட்டேன்.

“ஆட்டோவுல போனா ஊரு உங்களப் பாக்கும் சார். நீங்க ஊரப் பாக்க மாட்டீங்க.”

நாலு மணிக்கு ஸ்டோன் ஹவுஸ் குன்றில் ஆரம்பித்தோம். ஊட்டி இங்கேதான் ஆரம்பித்தது. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து, முதலில் கோத்தகிரி பக்கம் கண்ணேரிமுக்கில் வீடு கட்டினார். பிறகு 1822-ல் ஊட்டியில் கல் வீட்டைத் தொடங்கினார். மலைக்காரர்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்று அந்த இடம் அரசு கலைக் கல்லூரி வளாகம். எங்கள் வழிகாட்டி கட்டடத்தை நோக்கிக் கையைக்கூட நீட்டவில்லை. குன்றுக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

“அவரு வர்றதுக்கு முன்னாடியே இங்க ஊரு இருந்துச்சு தம்பி. தோடர் மந்து. பழைய பேரே மந்துலதான் முடியுது, பாருங்க.”

மந்து என்றால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. ஒற்றைக்கல் மந்து என்ற பெயர்தான் திரிந்து உதகமண்டலம் ஆனது என்று சொல்வார்கள். தாவரவியல் பூங்காவின் மேல்முனையில் இன்னும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் லண்டன் கியூவிலிருந்து வந்து அந்தப் பூங்காவை உண்டாக்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தோடர்கள் இந்தச் சரிவுகளில் எருமை மேய்த்தார்கள். புல்வெளியில் எருமைக் குளம்பு போட்ட தடம்தான் ஊட்டியின் முதல் சாலை. அது சரிவை வெட்டிப் போகாது. சரிவோடு ஒட்டிச் சுற்றிப் போகும். தோடர் பூத்தையல் சால்வைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். தடத்துக்கு அப்படி எந்தப் பட்டயமும் கிடையாது. மேலே தார் ஊற்றிவிட்டோம்.

குன்றிலிருந்து சேரிங் கிராஸுக்கு இறங்கினோம். இறங்குவதில் சிரமம் இல்லை. ஆனால் நடக்க இடம் வேண்டுமே? நடைபாதை நாலடி இருக்கும், பிறகு ஒரு கடையின் படிக்கட்டு அதை விழுங்கும், பிறகு நிறுத்தி வைத்த கார். விடுமுறைக் கூட்டம். மைசூர் பக்கமிருந்தும் மேட்டுப்பாளையம் பக்கமிருந்தும் ஏறி வந்த வண்டிகள் எல்லாம் அந்த ஒரு சந்திப்பில் வந்து திணறின. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலிலிருந்து சீசன் மாதங்களுக்கு, வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். வரம்பு நல்லதுதான். ஆனால் வந்து சேர்கிறவர் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதற்கு இந்த ஊரில் என்ன வழி வைத்திருக்கிறோம்? பழைய சரிவுகளில் படிக்கட்டுகள் இருக்கின்றன. விளக்கு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. தெரிந்தவர் கூட வந்தால் மட்டுமே தெரியும் வழிகள் அவை.

அப்படி ஒரு வழியில்தான் எங்களை ஏற்றினார். முப்பது படி ஏறியதும் அக்கா மகன் நின்றுவிட்டான். ஜிம்முக்குப் போகிற பையன். அவன் மேல் குற்றமில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இங்கே கிடையாது. சமவெளிக்காரன் நுரையீரல் ஒவ்வொரு படியிலும் அதைக் கணக்குப் பார்க்கிறது. நின்ற இடத்தில்தான் அவன் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான். கீழே ஓட்டுக் கூரைகள், நடுவே தகரக் கூரைகள், அவற்றுக்கு மேல் நீலமாக எழும் அடுப்புப் புகை, எதிர்ச் சரிவில் தைல மரக் காடு. பத்து நிமிடமாக அவன் கையில் போன் இல்லை என்பதைக் கவனித்தேன்.

மேலே நீலகிரி நூலகம். 1859-ல் தொடங்கியது. சென்னையில் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம்தான் இதன் கட்டடத்தையும் வரைந்தார். ஊட்டி கிளப்பும் இந்தப் பக்கம்தான். ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் விளையாட ஆரம்பித்த ஸ்னூக்கருக்கு, 1882-ல் அங்கேதான் விதிகளை எழுதி ஒட்டினார்கள். இரண்டும் உறுப்பினர்களுக்கான இடங்கள். கடந்து போனோம்.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் நெடுநேரம் நின்றோம். மங்கலான மஞ்சள் பூச்சு, சதுரக் கோபுரம், பின்னால் சரிவில் ஏறிப் போகும் கல்லறைத் தோட்டம். 1829 ஏப்ரல் 23-ல் சென்னை கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார். 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர் இங்கிலாந்து திரும்பி 1855-ல் இறந்தார்.

வழிகாட்டி உள்ளே உத்தரத்தைப் பார்க்கச் சொன்னார். “இந்த மரம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தானோட லால் மஹால் அரண்மனையில இருந்தது.”

1799-ல் திப்பு வீழ்ந்தார். முப்பது ஆண்டு கழித்து அவர் அரண்மனையைப் பிரித்தெடுத்த தேக்கு, மைசூர்ப் பீடபூமியைக் கடந்து, மலைச் சரிவில் ஏறி இங்கே வந்து கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. லாரி இல்லை, ரயில் இல்லை. அடிக்கல் நாட்டிய கவர்னரின் பெயர் நமக்குத் தெரிகிறது. மரத்தைக் கொண்டுவந்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் காணோம். அந்த இடத்தில் எனக்கு மெக்காலே நினைவுக்கு வந்தார். 1834-ல் இந்தியாவுக்கு வந்து இறங்கிய கையோடு, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க அவர் மலைக்கு வந்தார். சென்னையிலிருந்து சுமார் 400 மைல். முழுத் தொலைவும் பல்லக்கில், ஆட்கள் மாறி மாறித் தோள் கொடுத்து. நம் பள்ளிக்கூடங்களின் தலையெழுத்தை மாற்றியவர் என்று அவரைப் படிக்கிறோம். அவரைச் சுமந்து மலையேறியவர்கள் என்ன பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார்கள், எங்கே இளைப்பாறினார்கள் என்று படிப்பதில்லை.

இதை அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி கேட்டுக்கொண்டே நின்றவர், கொஞ்சம் பொறுத்து, “எங்கம்மாவும் சுமந்தவங்கதான் சார்” என்றார்.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களில் அவர் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அவருக்கு ஆறு வயது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் 1968-ல் தொடங்கப்பட்டன. இன்று டேன்டீ என்கிறோம். அம்மா அங்கே மலையில் கொழுந்து பறித்தார். கூடை நிறைந்ததும் நிறுவைக்குத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குவார், மறுபடி ஏறுவார். மழையில் கால் வழுக்கும் என்பதால் விரலை மண்ணில் ஊன்றி நடப்பாராம்.

“அம்மா கால் பெருவிரல் கடைசிவரைக்கும் கொஞ்சம் வளைஞ்சேதான் இருந்துச்சு” என்றார். குரல் மாறாமல் சொன்னார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. புல்லில் கை வைத்தால் விறைக்கிற குளிர். விடிவதற்குள் பள்ளமான இடங்களெல்லாம் உறைபனியில் வெளுத்துவிடும் என்றார். மார்க்கெட் பக்கம் இறங்கி ஒரு டீக்கடையில் வர்க்கியும் டீயும் சாப்பிட்டோம். வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட வேண்டும். நனைக்காமல் கடித்த அக்கா மகனின் ஸ்வெட்டர் முழுக்கப் பொருக்கு.

அங்கிருந்து ரயில் நிலையம். வழியில் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தி, “இப்ப நாம தண்ணிக்குள்ள நிக்கிறோம்” என்றார். உண்மைதான். சல்லிவன் 1823-ல் தொடங்கி ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி, இன்று படகு விடும் ஏரியைவிட மிகப் பெரியது. பஸ் ஸ்டாண்டு, 2024-ல் அரசு தன் வசம் எடுத்துக்கொண்ட குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் அதன் மடி. இந்த ஊரில் சமதளமாகக் கிடக்கும் நிலத்தைக் கண்டால், முன்பு அங்கே தண்ணீர் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

மலை ரயிலைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது சிரமம். ஆனாலும் அந்தத் தோள்களின் கதை இங்கேதான் திரும்புகிறது. குன்னூர்வரை 1899-ல் ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர்வரை ஏற்றம் அவ்வளவு கடுமை: பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயர்கிறது. வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த நீராவி இன்ஜினில் நாலு சிலிண்டர். இரண்டு, வழக்கமான சக்கரத்தைச் சுழற்றும். மற்ற இரண்டு, அந்தப் பல்லைக் கவ்விப் பிடிக்கும் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஏறும்போது இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். மேலே வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கேத்தி நிலையத்தை ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியில் பார்த்துக் கலங்காதவர் நம்மில் குறைவு.

செக்வேக்கும் இதற்கும் நடுவே நான் காணும் வித்தியாசம் ஒன்றுதான். செக்வே ஏற்றமே இல்லை என்பதுபோல் நம்மை நிற்க வைக்கிறது. மலை ரயில் ஏற்றத்தை மறைப்பதில்லை. ஒவ்வொரு பல்லாக எண்ணி ஏறுகிறது, புகைவிட்டு இரைக்கிறது, நின்று தண்ணீர் குடிக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் மலையின் கனம் தெரிகிறது.

தங்கியிருந்த விடுதி மேலே, தேவாலயக் குன்றுப் பக்கம். இருட்டிவிட்டது. “ஆட்டோ எடுத்துட்டு வரட்டுமா தம்பி?” என்று வழிகாட்டியே கேட்டார். அக்கா மகன் என்னைப் பார்த்தான், பிறகு படிக்கட்டைப் பார்த்தான். “வேண்டாம்ணா, நடக்கலாம்” என்றான்.

பாதிப் படியில் ஒரு தடுப்புச் சுவர். இடுப்பளவு உயரம், மேல்பகுதி தட்டையாக வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எங்களுக்கு முன்னால் கேரட் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த ஒருவர் அங்கே திரும்பி, முதுகை வாகாகச் சாய்த்து, மூட்டையைச் சுவர்மேல் இருத்தினார். யார் உதவியும் இல்லாமல் இறக்க, யார் உதவியும் இல்லாமல் மறுபடி ஏற்ற, சரியான உயரம். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கும். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணுக்காக நட்டது என்பார்கள். இங்கே யாரும் அதற்கென்று நடவில்லை. மூட்டைகளே தேய்த்துத் தேய்த்து ஒரு சுமைதாங்கியை உண்டாக்கியிருந்தன.

மூட்டைக்காரர் நகர்ந்து இடம் விட்டார். அக்கா மகன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். கீழே நிலையத்திலிருந்து குன்னூருக்குக் கிளம்பும் ரயில் ஒருமுறை கூவியது. “எவ்வளவு கிலோண்ணா?” என்று அவன் கேட்டான். அவர் மூட்டையைத் தட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.