டெர்பி குதிரையில் தீபாவளி போனஸைப் போடலாமா?

பயராபீஸ் அக்கவுன்ட்ஸில் இருக்கும் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, கினீஸ் ஜெயிச்ச குதிரைதான் இண்டியன் டெர்பியும் ஜெயிக்கும். போனஸைப் போடவா?"

மும்பை மகாலட்சுமியில் நடக்கும் டெர்பி நாலு வயசுக் குதிரைகளுக்கு மட்டும். ஆயுசுக்கு ஒரே சான்ஸ். கினீஸ் 1,600 மீட்டர், டெர்பி 2,400. மிச்ச 800 மீட்டருக்கு மூச்சு தாங்குமான்னு கினீஸ் ரிசல்ட் சொல்லாது. கடைசியில் வேகம் குறைஞ்சுதா, தாய் தகப்பன் குதிரைகள் எந்தத் தூரத்தில் ஜெயிச்சதுன்னு பார்க்கணும். இங்கிலாந்தில் ஃப்ராங்கெல் 2011 கினீஸை 6 லெங்த்தில் ஜெயிச்சும் டெர்பியில் ஓடவே இல்லை. 14 ரேஸ், 14 வெற்றியோட ரிட்டயர் ஆகி இனப்பெருக்கப் பண்ணைக்குப் போச்சு. அங்கே வர்ற பெரிய பணம் ஓனருக்கு. டிக்கெட் வாங்கினவருக்கு அதில் பங்கு கிடையாது.

இப்போ நம்ம ஏரியா. ஒன்பது ரேஸில் ₹45,000 போச்சு, பத்தாவதில் ₹45,000 லாபம்னு வைங்க. கணக்குப்படி பூஜ்யம்தானே? வரித்துறைக்கு அப்படியில்லை. ரேஸ் நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டாங்க. ஜெயிச்சதுக்கு 30%, மேல 4% செஸ். ஆக ₹14,040 கட்டணும். சம்பளத்துக்கு வரியே வராதவருக்கும் இதேதான்.

"எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு வச்சிருக்கீங்க?"ன்னு தம்பிகிட்ட கேட்டேன். இன்னும் பதில் வரல.