மண்ணின் எடை: ஈரமும் இறுக்கமும் அறிந்து வாங்குதல்

தோட்டம் அமைப்போரும் வயலுக்கு மண் அடிப்போரும் வளமான மேல்மண்ணை லோடு, யூனிட், டன் ஆகியவற்றுள் ஏதேனும் ஓர் அளவில் வாங்குகின்றனர். யூனிட் என்பது 100 கனஅடி, அதாவது ஏறத்தாழ 2.83 கனமீட்டர் கொண்ட கொள்ளளவு. டன் என்பது எடை. லோடு என்பதோ வண்டிக்கு வண்டி மாறுவதால் நிலையான அளவே அன்று. ஒரே மண்ணின் எடையும் பருமனும் ஈரத்தாலும் இறுக்கத்தாலும் பெரிதும் மாறுவதால், இவ்வளவுகளுள் எதுவும் தனித்து நின்று வாங்குபவருக்கு முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை.

எடை மாறும் விதம்

மண் என்பது கனிமத் துகள்களும் அவற்றின் இடையே உள்ள துளைகளும் சேர்ந்தது; அத்துளைகளைக் காற்றோ நீரோ நிரப்புகிறது. துளைகளையும் சேர்த்து அளந்த ஒரு கனமீட்டரில் அடங்கும் உலர்ந்த மண்ணின் எடையைப் பரும அடர்த்தி என்பர். பொலபொலவென்று கொட்டிய வண்டல் கலந்த மண்ணுக்கு இது சுமார் 1,200 கிலோ என்று கொண்டால், உலர்ந்த எடையில் 20 விழுக்காடு ஈரம் ஏறியவுடன் அதே கனமீட்டர் 1,440 கிலோவாகிறது. அம்மண்ணை 1,500 கிலோ அளவுக்கு இறுக்கி, அதே விகிதத்தில் ஈரமும் சேர்ந்தால் 1,800 கிலோவாகும். ஆகவே ஒரு யூனிட் மண் 3.4 டன்னாகவும் இருக்கலாம், 5.1 டன்னாகவும் இருக்கலாம்.

இழப்பும் ஆபத்தும்

எடைக்கு வாங்குபவர் நீருக்கும் பணம் தருகிறார். 20 விழுக்காடு ஈரமுள்ள 10 டன் மண்ணில் ஏறத்தாழ 1,670 கிலோ நீராக இருக்க, 5 விழுக்காடு ஈரமுள்ள 10 டன்னில் 480 கிலோ மட்டுமே நீர். எடைச் சீட்டில் இரண்டும் ஒன்றே. கொள்ளளவுக்கு வாங்குபவருக்கு இழப்பு வேறு வழியில் நேர்கிறது: டிப்பரில் தளர்வாகக் குவித்த மண் சாலைக் குலுக்கலில் படிந்து, இறக்கும் இடத்தில் அளவு குறைந்து காணப்படுகிறது; நிலத்தில் பரப்பி நீர் பாய்ச்சியபின் மேலும் அமிழ்கிறது.

இழப்பினும் கொடியது மாடியில் நேரும் ஆபத்து. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நெறி, ஏறிச் செல்லத்தக்க தட்டையான கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்கிறது. நன்கு நனைந்த தோட்டமண்ணைப் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினாலே அந்த அளவைத் தாண்டிவிடும். நீர் வடிய வழியில்லாத மாடியில் மழைநாளில் சுமை இன்னும் கூடும். வாங்கும்போது கைக்கு இலேசாகத் தோன்றும் தேங்காய் நார்க்கழிவும் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால், நனைந்த நிலையின் எடையைக் கொண்டே சுமையைக் கணக்கிட வேண்டும். கட்டடப் பொறியாளரின் கருத்தறியாமல் மாடி முழுவதும் மண் பரப்பலாகாது.

உரிமைகளும் தீர்வுகளும்

வாங்குமுன் மண்ணைச் சோதிப்பது எளிது. 100 கிராம் மண்ணைத் தட்டில் பரப்பி, எடை மேலும் குறையாத வரை உலர்த்தி நிறுத்தால் 82 கிராம் எஞ்சுகிறது எனில், போன 18 கிராம் நீரை 82ஆல் வகுக்க, ஈரப்பதம் ஏறத்தாழ 22 விழுக்காடு என்பது புலப்படும். பேரம் முடியும்போதே அளவின் பெயர், அளக்கும் இடம், மண் தளர்ந்ததா இறுகியதா, ஏற்கத்தக்க ஈரப்பதம் எவ்வளவு ஆகிய நான்கையும் ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

எடை மேடைகள் ஆண்டுக்கொரு முறை முத்திரையிடப்பட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. பேசிய அளவினும் குறைத்துத் தருவது 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றமாதலால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் அளிக்கலாம். சொந்தப் பயனுக்கோ தம் பிழைப்புக்கோ மண் வாங்கியவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. மண்ணைக் கொண்டுசெல்வதற்கான அனுமதியான நடைச்சீட்டு இல்லாமல் வரும் மண்ணை வாங்காதிருப்பதும் வாங்குபவரின் கடமையே. ஏரி, குளங்களின் வண்டலைத் தம் நிலத்துக்கு எடுத்துச்செல்ல விரும்பும் உழவர், வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து முறையான அனுமதி பெறலாம்.

இவ்வுரிமைகள் யாவும் சான்றின்மேல் நிற்பவை. மண்ணோ இறக்கிய சில நாட்களிலேயே காய்ந்து, படிந்து, தன் முதல் நிலையை இழந்துவிடும். ஆகவே மண் இறங்கும் நாளிலேயே விற்பவரின் ஆள் முன்னிலையில் ஒரு கிலோ மண்ணைக் காற்றுப்புகாத பையில் கட்டி, எடையும் தேதியும் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, எடைச் சீட்டோடும் ரசீதோடும் சேர்த்து வைத்துக்கொள்வதே பின்னாளில் வாங்கியவரின் பக்கம் பேசும் சாட்சியாக அமையும்.