பிள்ளைகள் போன பிறகு ஓர் அரை மணி நேரம்

பிரிட்டனில் தொடக்கப் பள்ளிகள் மாலை மூன்று, மூன்றேகால் வாக்கில் விட்டுவிடும். அப்பா அம்மா வேலை முடிந்து வந்து சேர ஆறு மணி ஆகும். நடுவில் உள்ள அந்த நேரத்துக்குத்தான் 'ஆஃப்டர் ஸ்கூல் கிளப்'. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிப்போன ஏற்பாடு. காலையில் பள்ளி திறப்பதற்கு முன் பிரேக்ஃபாஸ்ட் கிளப், லீவு விட்டால் ஹாலிடே கிளப். அங்கே பிள்ளைகளோடு இருப்பவர்களில் பலர் தங்களை டீச்சர் என்றோ ஆயா என்றோ சொல்லிக்கொள்வதில்லை. 'பிளே ஒர்க்கர்' என்கிறார்கள். பிள்ளைகள் விளையாட ஓர் ஊழியர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். விளையாட்டுக்குக் குறுக்கே பெரியவர்கள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். அப்படிக் குறுக்கே வரக்கூடிய பெரியவர்களில் முதல் ஆள் அந்த ஊழியரேதான் என்பதில் இருக்கிறது இந்த வேலையின் சிக்கல்.

இதன் பூர்வீகம் டென்மார்க். சோரென்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர், தான் பார்த்துப் பார்த்து அமைத்த இடங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் போய் விளையாடுவதைக் கவனித்தவர். 1943-ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு நடுவே, கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற பகுதியில் பழைய பலகையும் செங்கல்லும் கிடக்கும் ஒரு மைதானம் அவர் யோசனைப்படி திறக்கப்பட்டது. முதல் பொறுப்பாளராக வந்த ஜான் பெர்ட்டல்சன், பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுக்கும் உத்தேசமே தனக்கு இல்லை என்று எழுதிவைத்தார். போர் முடிந்த கையோடு அங்கே போய்ப் பார்த்த லேடி ஆலன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி, லண்டனில் குண்டு விழுந்த மனைகளையும் இப்படிப் பயன்படுத்தலாமே என்று 1946-ல் 'பிக்சர் போஸ்ட்' இதழில் எழுதினார். 1948-ல் கேம்பர்வெல்லில் அப்படி ஓர் இடம் வந்தது. பின்னர் அவர் எழுதிய புத்தகத்தை ஒரு ஜப்பானியத் தம்பதியர் மொழிபெயர்க்க, 1979-ல் டோக்கியோவின் செட்டகாயாவில் ஹானேகி விளையாட்டுப் பூங்கா முளைத்தது. தொடக்கத்தில் எந்த அரசாங்கமும் திட்டம் போட்டு இதை வளர்க்கவில்லை. ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னொருவரிடம் சொல்லச் சொல்லப் பரவிய தொழில் இது.

இன்றும் அப்படித்தான் வளர்கிறது. பிளே ஒர்க்கர்கள் கூடும் இடத்தில் அதிகம் அடிபடும் பேச்சு, எப்போது தலையிடுவது, எப்போது சும்மா இருப்பது என்பதுதான். ஒரு சிறுமி பந்தை உங்கள் காலடிக்கு உருட்டிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிளே ஒர்க் ஆய்வாளர்கள் கார்டன் ஸ்டரக், பெர்ரி எல்ஸ் இருவரும் 1998-ல் எழுதிய ஆய்வுரைப்படி அது ஓர் அழைப்பு. பந்தைத் திருப்பித் தட்டினால் ஆட்டம் தொடங்கும். ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கவனிக்காமல் விட்டால் அவள் நகர்ந்துவிடுவாள். ஆர்வக்கோளாறில் பந்தை எடுத்துக்கொண்டு விதிமுறை சொல்ல ஆரம்பித்தாலோ, அதன்பிறகு ஆட்டம் உங்களுடையது. அவள் வேடிக்கை பார்ப்பாள்.

கட்டிப்புரளும் பையன்கள் விஷயமும் இதே ரகம். புதிதாகச் சேர்ந்தவர் ஓடிப்போய் விலக்குவார். அனுபவசாலி முகத்தைப் பார்ப்பார்: சிரிப்பு இருக்கிறதா, கை விரிந்திருக்கிறதா முஷ்டியாக இருக்கிறதா, பலசாலி தன் பலத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறானா, முடிந்ததும் இருவரும் சேர்ந்து போகிறார்களா, ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்களா. பாப் ஹியூஸ் என்ற பிளே ஒர்க் அறிஞர் விளையாட்டை 16 வகையாகப் பிரித்து எழுதியபோது இந்தக் கட்டிப்புரளலுக்கும் ஓர் இடம் கொடுத்தார். ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டால் பையன்களின் முகத்தைப் படிக்க வந்துவிடாது. பக்கத்தில் நின்று, 'இரு, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அதனால்தான், 'வாரம் ஒரு கைவேலை' போன்ற யோசனைகள் கைமாறுவதன் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. காகிதத் தட்டில் முகமூடி செய்வது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லிவிடலாம். இருபது பிள்ளைகளும் ஒரே மாதிரி இருபது முகமூடி செய்து வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், பெற்றோருக்கும் திருப்தி. அதில் பிள்ளையின் யோசனை எங்கே இருக்கிறது? சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-லேயே சொன்னார்: நகர்த்த, அடுக்க, பிரிக்க, சேர்க்கத் தக்க உதிரிப் பொருள்கள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குக் கற்பனைக்கும் வழி உண்டு. அட்டைப்பெட்டி, டயர், கயிறு, தார்ப்பாய், கேபிள் சுற்றிய மர உருளை. தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணி, அட்டைக் குழாய் போன்றவற்றைச் சேகரித்துக் கிளப்புகளுக்குத் தரும் 'ஸ்கிராப் ஸ்டோர்'கள் பிரிஸ்டல் போன்ற ஊர்களில் உண்டு. எந்தக் குழாய் மறுநாளே நசுங்கும், எந்தப் பெட்டியின் ஓரத்தில் ஸ்டேப்ளர் ஊசி இருக்கும் என்ற தகவல் முகமூடி யோசனைகளைவிட எவ்வளவோ மேல்.

பெரும்பாலான கிளப்புகளுக்குச் சொந்த இடம் கிடையாது. பள்ளியின் கூடமோ சர்ச் ஹாலோதான். பிள்ளைகள் நாற்காலியும் போர்வையும் வைத்துக் கட்டிய கூடாரத்தை ஆறு மணிக்குக் கலைத்தே ஆக வேண்டும். ஒரே ஒரு மூலையை மட்டும் மறுநாள் வரை அப்படியே விட அனுமதி வாங்கிய ஒருவர், அதைப் பள்ளி நிர்வாகத்திடம் எப்படிப் பேசி வாங்கினார் என்பது மற்ற கிளப்காரர்களுக்குத் தங்கம்.

பாதுகாப்பு விஷயத்திலும் பேச்சு மாறியிருக்கிறது. ஆபத்தை மட்டும் எழுதிய பழைய படிவங்களின் இடத்தில், பயனையும் சேர்த்து எடைபோடும் முறை வந்தது. 2012-ல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பே, விளையாட்டில் ஆபத்தைத் துடைத்தெறிவது நோக்கமல்ல என்று அறிக்கை விட்டது. அதே ஆண்டு வேல்ஸில் ரெக்ஸம் பக்கம் திறந்த 'தி லேண்ட்' மைதானத்தில் பிள்ளைகள் ரம்பம் பிடிக்கிறார்கள், தீ மூட்டுகிறார்கள். ஊழியர்கள் தள்ளி நின்று கண்காணிக்கிறார்கள். ஒரு கூடத்துக் கிளப்பில் தீ மூட்ட முடியாதுதான். நிஜச் சுத்தியல் கொடுக்கலாமா என்று யோசிக்கவாவது முடியும்.

விளையாட வாய்ப்புப் போதுமான அளவு இருக்கிறதா என்று உள்ளாட்சிகள் கணக்கெடுக்க வேண்டும் என்று 2010-லேயே சட்டம் செய்தது வேல்ஸ். இங்கிலாந்து வேறு கதை. 2008-ல் 23.5 கோடி பவுண்டில் விளையாட்டுக்கென்று தேசியத் திட்டம் அறிவித்தார்கள். 2010-ல் ஆட்சி மாறியதும் அதைக் கைகழுவிவிட்டார்கள். காசு நின்றால் முதலில் வெட்டு விழுவது பயிற்சிக்கு. அப்போது மிஞ்சுவது சக ஊழியரின் அனுபவம் ஒன்றே.

அதைக் கேட்கத்தான் நேரமில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று துண்டுதுண்டான வேலை. பிள்ளைகள் இருக்கும்போது கூடிப் பேச முடியாது. இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆள் என்ற கணக்கு இருக்கிறது. கடைசிப் பிள்ளையை அப்பா வந்து கூட்டிப்போனதும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். கட்டிப்புரண்டவர்களைப் பற்றியும், கவனிக்காமல் விட்ட அந்தப் பந்தைப் பற்றியும் பேச வேண்டிய அரை மணி நேரத்துக்குச் சம்பளம் போட்டுக்கொடுக்கும் கிளப்பையும், போடாத கிளப்பையும் பெற்றோர் கட்டண அட்டவணையைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. சேர்க்கும்போது நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.