ஓடு உடைகிறது, கை ஏன் உடைவதில்லை?

2020-ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையில் மண் அள்ளிய இடத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று கைபேசிக்குக் கைபேசி படம் பறந்தது. வந்து பார்த்த நிலவியலாளர்கள் முட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பழைய கடலின் சேறு இறுகி உருண்ட படிவங்கள் அவை. நத்தைபோலச் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட் என்ற கடலுயிரியோடு தொடர்புடையவை. ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏமாற வேண்டியதில்லை. குன்னமும் அதைச் சுற்றிய ஆலத்தூர், அரியலூர்ப் பகுதிகளும் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கிடந்தவை. காரையில் மழை அரித்த மொட்டை மேடுகளில் இன்றும் அம்மோனைட் தடங்கள் தென்படுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் அதைக் கண்டறிந்து சொன்னவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன். அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்து சுண்ணாம்புக்கல்லாகியிருக்கின்றன. இந்தச் சுண்ணாம்புக்கல்லைத்தான் இங்குள்ள சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுத்து, களிமண் சேர்த்து, ஏறக்குறைய 1,450 டிகிரி சூட்டில் சுட்டு அரைக்கின்றன. சிப்பியின் உடம்பில் இருந்த கால்சியம் சிமெண்ட் மூட்டையாகி, மணலோடும் ஜல்லியோடும் சேர்ந்து சிலாப்பாகி, ஏதோ ஒரு பள்ளி ஆண்டு விழா மேடையில் பிளாக் பெல்ட் அண்ணன் ஒருவரின் கைக்குக் கீழே வந்து படுக்கிறது. அவர் ஓங்கி அடிக்கிறார். உடைகிறது.

அடித்த கையின் எலும்பிலும் இருப்பது கால்சியம்தான். ஒரே சரக்கு, இரண்டு கட்டுமானம். ஒன்று உடைகிறது, மற்றது உடைவதில்லை.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கராத்தே வகுப்புக்கென்று தனிக் கட்டடமெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. பள்ளி மைதானம், ஆளில்லாத நாளில் கல்யாண மண்டபம், யாராவது இடம் கொடுத்தால் மொட்டை மாடி. ஆறு வயதுப் பொடியன் முதல் கல்லூரி மாணவி வரை ஒரே வரிசை; பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த அப்பா, சும்மா நிற்பானேன் என்று கடைசி வரிசையில் சேர்ந்துகொள்வதும் உண்டு. மாஸ்டர் ஜப்பானிய எண்களில் இச், நி, சான் என்று எண்ண எண்ண, காற்றில் குத்துகள் விழும். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சியாக மூன்று மாதம் கராத்தே கற்றுத் தரும் திட்டம் வந்தபிறகு, வகுப்பில் சேராத பெண்களுக்குக்கூட முதல் நான்கு குத்துகளும் இரண்டு தடுப்புகளும் தெரிந்திருக்கின்றன.

ஊர் திரண்டு பார்ப்பது இந்த அன்றாடப் பயிற்சியை அல்ல, ஆண்டு விழா டெமோவைத்தான். ஓடு உடைப்பார்கள், டியூப்லைட் உடைப்பார்கள், வயிற்றின்மேல் பைக் ஏற்றுவார்கள். அடுக்கிய ஓட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு அடிப்பது கூடுதல் கைதட்டலுக்காக. இயற்பியலுக்கு அந்தத் தீயில் ஒரு வேலையும் இல்லை.

இயற்பியலுக்கு வேலை இருப்பது ஓட்டின் இரு ஓரங்களிலும் வைத்த செங்கற்களில். அதே ஓட்டைச் சிமெண்ட் தரையில் இடைவெளியின்றிப் படியவைத்து அடித்தால், கை வீங்குவதுதான் நிச்சயம். இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்ததும் ஓட்டுக்கு வளைய இடம் கிடைக்கிறது. வளையும்போது அதன் மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. சுட்ட மண்ணும் கான்கிரீட்டும் நெருக்கினால் மலைபோலத் தாங்கும், இழுத்தால் தாங்காது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அமுக்கவலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். வீட்டுக் கூரைத் தளத்துக்குள் கம்பி கட்டுவது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். கை மேலே விழுந்தாலும் விரிசல் கீழே பிறக்கிறது. பிறந்த விரிசல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மேலேறிவிடும். மேடையில் உடைக்கும் சிலாப்பில் கம்பி இருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாறு ஓடுகளை அடுக்கும்போது நடுவே சின்னக் குச்சிகளைச் செருகுவதைக் கவனித்திருப்பீர்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஆறும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்க்கும். இடைவெளி இருந்தால் ஒவ்வொன்றாகத் தனித்தனியே தோற்கும். உடைந்து விழும் மேல் ஓடே கீழ் ஓட்டைத் தாக்க ஒத்தாசை செய்யும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் குச்சி செருகிய ஆறு ஓட்டைவிடக் குச்சி இல்லாத மூன்று ஓட்டை உடைப்பவரைத்தான் நான் அதிகம் மதிப்பேன்.

இதையெல்லாம் அளந்து எழுதியவர்களில் ஒருவர் தானே மாஸ்டராக இருந்தவர். ரொனால்ட் மெக்நேர், அமெரிக்கக் கறுப்பினத்தவர், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லேசர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், கராத்தேயில் ஐந்தாம் நிலை பிளாக் பெல்ட். மாணவராக இருந்த காலத்திலேயே கேம்பிரிட்ஜ் நகரத் தேவாலயம் ஒன்றில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். அவரும் அவருடைய ஆய்வு வழிகாட்டி மைக்கேல் ஃபெல்டும் ஸ்டீஃபன் வில்க்கும் சேர்ந்து, விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் குத்துகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1979-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்தது. மெக்நேர் பிறகு விண்வெளி வீரரானார். 1984-ல் ஒருமுறை போய்வந்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது அதிலிருந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

அவர்கள் கண்ட எண்கள் எளியவை. தேர்ந்த கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. நாலு சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் பாளம் உடைய, கை நொடிக்கு 10 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் வந்தால் போதும். பாளம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளைந்தாலே கதை முடிந்தது. மரப்பலகைக்கு இன்னும் குறைந்த வேகம், நொடிக்கு 6 மீட்டர் சொச்சம், போதும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலகையில் தொடங்குவது அதனால்தான். கையின் எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டால், அதில் இருக்கும் ஆற்றல் ஐந்து கிலோ கல்லை இடுப்புயரத்திலிருந்து போட்டால் கிடைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். வியக்கும் அளவுக்குப் பெரிய ஆற்றல் இல்லை. அது வந்து சேரும் நேரம்தான் வியப்பு: நொடியில் இருநூறில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் மட்டும் விசை 3,000 நியூட்டனைத் தாண்டிவிடுகிறது.

இனி எலும்பு. வளைத்து உடைக்க எவ்வளவு தகைவு தேவை என்று ஒப்பிட்டால், எலும்பு கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 40 மடங்கு தாங்கும். காரணம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாகக் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள்; மீதியில் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரத நார், கொஞ்சம் தண்ணீர். படிகம் நெருக்கத்தைத் தாங்குகிறது, நார் இழுப்பைத் தாங்குகிறது. கான்கிரீட்டுக்கு மனிதன் வெளியிலிருந்து கட்டும் கம்பியை எலும்பு இழை இழையாகத் தனக்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கிறது. விரிசல் ஒன்று கிளம்பினாலும் நேராக ஓட முடியாது. எலும்புக்குள் இருக்கும் குழாய் குழாயான அடுக்குகளில் முட்டி, திசை மாறி, களைத்து நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. சிலாப் போட்ட மறுநாளிலிருந்து அதைக் கவனிக்க யாரும் இல்லை. எலும்புக்குள்ளோ பழையதை அரித்தெடுக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஆயுள் முழுக்க வேலை பார்க்கின்றன. சுமை அதிகம் விழும் இடத்தில் எலும்பு தன்னைத் தடித்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார்.

அதற்காக எந்த எலும்பும் எந்தக் கோணத்திலும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நாளே மாஸ்டர் பிள்ளைகளின் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டிதான் இலக்கில் பட வேண்டும் என்று திருத்துவார். அந்த இரண்டு முட்டிகளின் பின்னால் உள்ள எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் பொருந்தி முன்கைக்கு நேர்கோட்டில் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மெலிந்தது, அசைவது. கோபத்தில் சுவரைக் குத்தியவர்கள் எலும்பு முறிவு மருத்துவரிடம் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தச் சுண்டுவிரல் எலும்பைத்தான். ஓட்டைப் பார்த்து அடிக்காதே, ஓட்டுக்குப் பின்னால் பார்த்து அடி என்று சொல்வதற்கும் கணக்கு உண்டு: கை முழுதாக நீளும் முன்பே, ஏறக்குறைய முக்கால் தூரத்தில், அதன் வேகம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஓட்டின் மேற்பரப்பையே முடிவாக நினைத்தவரின் கை, அங்கே போய்ச் சேருமுன் தளர்ந்திருக்கும். ஓடு உடையாவிட்டால் அந்த ஆற்றல் வேறு எங்கே போகும்? கைக்கே திரும்பும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. வளரும் எலும்பின் நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. பதின்பருவம் முடியும் வாக்கில்தான் அது முழுக்க இறுகும். அதில் அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். எட்டு வயதுப் பிள்ளையை மேடையேற்றி ஓடு உடைக்க வைப்பதைக் கைதட்டி வரவேற்பதைவிட, பொறுப்பான மாஸ்டர் அதை மறுப்பதற்குத்தான் கைதட்ட வேண்டும்.

எங்கள் காஞ்சிபுரத்து போதிதர்மர் சொல்லிக்கொடுத்த கலைதானே கராத்தே என்று ஒருவர் இந்த இடத்தில் கேட்பார். 2011-ல் வந்த ‘7ஆம் அறிவு’ படத்துக்குப் பிறகு கேட்காதவர் குறைவு. போதிதர்மரைச் சண்டைக் கலையோடு இணைக்கும் சீனப் பனுவல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. கராத்தே உருக்கொண்டது ஒகினாவா தீவில். அங்கிருந்து புனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பெல்ட் முறை ஜூடோவிலிருந்து வாங்கியது. நமக்குச் சிலம்பமும் குத்துவரிசையும் இருக்கின்றன. இன்னொன்றுக்கும் உரிமை கொண்டாட வேண்டிய நெருக்கடி இல்லை.

குத்தும்போது பிள்ளைகள் போடும், மைதானத்திலிருந்து தெருவரைக்கும் கேட்கும் கத்தலுக்கும் அர்த்தம் உண்டு. 1961-ல் இகாய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இருவர், முழங்கையை மடக்கி இழுக்கச் சொல்லி வலிமையை அளந்தார்கள். இழுக்கும்போது கத்தியவர்களின் வலிமை சராசரியாகச் சுமார் 12 சதவீதம் கூடியது. தசையில் ஏற்கெனவே இருக்கும் வலிமை முழுவதையும் மூளை அவிழ்த்துவிடுவதில்லை என்றும், கத்தல் அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்றும் அவர்கள் கருதினார்கள்.

ஓடு உடைப்பதைவிடக் கடினமான ஒன்றை இந்த வகுப்புகள் தினமும் செய்கின்றன. அதற்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருத்தி குத்துகிறாள். குத்து தோழியின் மூக்குக்கு ஓரங்குலம் முன்னால் நிற்கிறது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வரும் கையைப் பத்து சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமென்றால், அதற்குக் கிடைக்கும் அவகாசம் நொடியில் நூறில் மூன்று பங்கு. கண்ணால் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசைக்குச் செய்தி போகவோ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதாவது பார்த்து நிறுத்துவது நடக்கவே நடக்காது. நில் என்ற கட்டளை, குத்து கிளம்பும்போதே அதோடு சேர்த்து அனுப்பப்பட்டிருக்க வேண்டும். குத்தும் தசை முடிக்குமுன் எதிர்த் தசை பிடிக்க வேண்டிய அந்தக் கணத்தை உடம்பு முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும்.

இந்தக் கணிப்பில் பெரும்பங்கு தலையின் பின்புறம் இருக்கும் சிறுமூளையுடையது. 2012-ல் லண்டன் ஆய்வாளர்கள் 12 பிளாக் பெல்ட்காரர்களையும், உடல் தகுதியில் அவர்களுக்கு நிகரான, கராத்தே தெரியாத 12 பேரையும் ஒப்பிட்டார்கள். ஐந்தே சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்தச் சொன்னபோது பிளாக் பெல்ட்காரர்களின் குத்து பலமாக விழுந்தது. தசை வலிமையில் அவர்கள் மற்றவர்களை மிஞ்சவில்லை; தோளும் மணிக்கட்டும் உச்ச வேகம் தொடும் நேரம் அவர்களிடம் பிசகாமல் பொருந்தியிருந்தது. அந்தப் பொருத்தம் கூடியவர்களுக்குச் சிறுமூளையை மற்ற பகுதிகளோடு இணைக்கும் வெண்பொருளின், அதாவது நரம்புக் கம்பிகளின், அமைப்பும் வேறுபட்டிருந்தது. ஒரே கட்டாவை, அதாவது வரிசை மாறாத அசைவுத் தொகுப்பை, ஆயிரம் முறை செய்யச் சொல்லி மாஸ்டர் உயிரை வாங்குவது வீண்போகவில்லை என்று இதை வாசிக்கலாம்.

அது பிள்ளைகளுக்குத்தானே, நாற்பது வயதில் எனக்கென்ன என்று கடைசி வரிசை அப்பா கேட்கக்கூடும். 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வயதுவந்தவர்களுக்கு ஆறு வாரம் பந்து வித்தை கற்றுக்கொடுத்து மூளையைப் படமெடுத்தார்கள். வெண்பொருளில் மாற்றம் தெரிந்தது. பந்து வித்தை நன்றாக வந்தவர்களுக்கு மட்டும் நிகழ்ந்ததில்லை அது, தடுமாறியவர்களுக்கும் நிகழ்ந்தது. அந்த அப்பாவின் குத்து இன்னும் தோழரின் தோளில் போய் இடிக்கலாம். மகளிடம் கேட்டால் எங்கே நிறுத்துவது என்று காட்டுவாள்.